வாய்ப் புற்றுநோய்: சிடியா, எம்ஆர்ஐயா, பெட்-சிடியா?

பயாப்சி முடிவு வந்துவிட்டது. வாயில் இருப்பது புற்றுதான். இனி ஒரு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இந்த இடத்தில் பல குடும்பங்களும், சில சமயம் இளம் மருத்துவர்களும், விலை கூடிய ஸ்கேன் கூடுதலாகக் காட்டும் என்று நம்பி நேராகப் பெட்-சிடிக்கு, அதாவது சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தை ஏற்றி, அதை அதிகம் வாங்கும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேனுக்கு, போய்விடுகிறார்கள். கையில் அழகான வண்ணப் படங்களோடு திரும்பி வந்து, அறுவை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இல்லாமல் மறுபடியும் சிடிக்கு வரிசையில் நிற்கிறார்கள். போகும் பணத்தைவிட, போகும் வாரங்கள்தான் கவலைக்குரியவை.

அறுவை மருத்துவர் கேட்பது நான்கு விஷயங்கள். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? தாடை எலும்பை வெறுமனே தொட்டிருக்கிறதா, மேலோட்டை அரித்திருக்கிறதா, மஜ்ஜைக்குள் புகுந்துவிட்டதா? பின்பக்கமாக மெல்லும் தசைகளுக்குள் ஏறியிருக்கிறதா? கழுத்து நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, போயிருக்கிறதா? இந்த நான்குக்கும் ஒரே கருவி ஒரே தரத்தில் பதில் சொல்லாது. எந்தக் கேள்வி முக்கியம் என்பதைக் கட்டி இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. எந்த ஸ்கேன் என்பதை அந்தக் கேள்வி தீர்மானிக்க வேண்டும்.

இடம் என்பது இங்கே பெரிய விஷயம். உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகானின் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேருக்கு உதடு, வாய்க்குழிப் புற்று புதிதாக வருகிறது. ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இதுவே முதலிடம். வெற்றிலை, பாக்கு, புகையிலையைக் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே அடக்கி வைக்கும் பழக்கத்தால் நம் ஊர்க் கட்டிகளில் பெரும்பங்கு அந்த மடிப்பிலேயே முளைக்கிறது. மேல்நாட்டு ஆய்வுகளில் வருவோரில் பெரும்பாலோர் நாக்குப் புற்றோ, எச்பிவி கிருமியால் வரும் தொண்டைப் புற்றோ உள்ளவர்கள். அங்கே எம்ஆர்ஐ வென்றது, இங்கே பெட் வென்றது என்று ஓர் ஆய்வு சொன்னால், அது வாயின் எந்த இடத்துக் கட்டியில் அளந்து சொன்னது என்று பார்த்த பிறகே நம் நோயாளிக்குப் பொருத்த வேண்டும்.

கன்னமும் ஈறும்: ஊதிய கன்னத்தோடு சிடி

கன்னத்தின் உட்பக்கம், கீழ் ஈறு, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் முக்கோணப் பகுதி ஆகிய மூன்றுக்கும் முதல் ஸ்கேன் கான்ட்ராஸ்ட் ஊசியோடு, அதாவது கட்டியைப் படத்தில் எடுப்பாகக் காட்டும் அயோடின் மருந்தை ஏற்றி, எடுக்கும் சிடி. எலும்பின் மேலோடு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மி.மீ. அளவில் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. சில விநாடிகளில் முடிந்துவிடுவதால் வலியோடும் எச்சிலோடும் போராடும் நோயாளியால் அசையாமல் இருக்க முடிகிறது.

ஆனால் சாதாரணமாக வாயை மூடிக்கொண்டு எடுத்த சிடியில் கன்னத்தின் உட்தோலும் ஈறும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கட்டி கன்னத்தில் தொடங்கி ஈறைத் தொடுகிறதா, ஈறிலேயே இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் கன்னத்தை ஊதி எடுக்கும் முறை. உதட்டை இறுக்கி மூடி, பலூன் ஊதுவதுபோல வாய் நிறையக் காற்றை அடக்கி, மூக்கால் மெதுவாக மூச்சுவிட வேண்டும். உள்ளே நிற்கும் காற்று இரண்டு பரப்புகளையும் பிரித்துவிடும். 5 மி.மீ. அளவுள்ள சிறு புண்கூட அப்போது தனியாகத் தெரிய வாய்ப்புண்டு. இதற்குக் கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. கேட்டால் மட்டுமே செய்கிறார்கள் என்பதுதான் குறை.

இதில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஊசி ஏறிய பிறகு முதல் தடவையாக 'கன்னத்தை ஊதுங்கள்' என்று சொன்னால் நோயாளி தடுமாறுவார். மேசையில் படுக்கும் முன்பே மூன்று முறை பழக்கிவிட வேண்டும். வலி இல்லாத பக்கத்தை மட்டும் ஊதுவது பலரின் இயல்பு. இரண்டு கன்னமும் புடைத்திருக்கிறதா என்று பார்த்த பின்பே கருவியை ஓட்ட வேண்டும். கழுத்து முழுவதையும் ஊதிய நிலையிலேயே எடுத்தால் குரல்வளைப் பகுதி கெட்டுவிடும். அதனால் முதலில் அமைதியாக மூச்சுவிடச் சொல்லிக் கழுத்து முழுவதையும் எடுத்து, உடனே வாய்ப்பகுதியை மட்டும் ஊதிய நிலையில் இன்னொரு முறை எடுப்பது நல்லது. ஊசி ஒன்றே போதும். கன்னத்தில் வெளித்தோல்வரை ஓட்டை விழுந்திருந்தால் காற்று நிற்காது. அங்கே ஒரு கட்டுத்துணியை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லலாம்.

பாக்குப் பழக்கத்தால் வாய் இறுகிப்போனவர்கள் தனி வகை. வாய் திறக்காவிட்டாலும் கன்னத்தை ஊதலாம், ஏனென்றால் ஊதுவதற்குத் தாடை திறக்க வேண்டியதில்லை. ஆனால் கன்னச் சதையே நாராகி விறைத்துவிட்டால் அது புடைக்காது. அப்போது காஸ் துணிச் சுருளைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து எடுக்கலாம், புண்ணில் ரத்தம் கசியாமல் இருந்தால்.

எடுக்கும் அளவுகளையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் 'கழுத்து சிடி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு மையமும் ஒவ்வொரு விதமாக எடுக்கும். ஒரு மி.லி.க்கு 300 முதல் 350 மி.கி. அயோடின் உள்ள மருந்து 80 முதல் 100 மி.லி., விநாடிக்கு 2 முதல் 2.5 மி.லி. வேகம், ஊசி தொடங்கி 60 முதல் 70 விநாடி கழித்து ஸ்கேன். அவசரப்பட்டு 25, 30 விநாடியில் எடுத்தால் ரத்தக் குழாய்கள் பளிச்சென்று இருக்கும். கட்டி இன்னும் மருந்தை வாங்கியிருக்காது, பக்கத்துத் தசையிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. மேலே மண்டையோட்டின் அடித்தளம் முழுவதும் வர வேண்டும், கீழே மார்பெலும்பின் மேல் பகுதிவரை வர வேண்டும். தாடைக்குச் சற்று மேலேயே தொடங்கிவிடும் படங்களில் மிக முக்கியமான பகுதி விடுபட்டுப்போகும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம். படங்கள் 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக, எலும்புக்கு ஒரு தொகுப்பு, மென்சதைக்கு ஒரு தொகுப்பு என இரண்டாகக் கணக்கிடப்பட வேண்டும்.

பல்லில் உலோக மூடியோ வெள்ளி நிரப்பலோ இருந்தால் அதன் தளத்தில் கோடு கோடாக நிழல் விழுந்து கட்டியை மறைக்கும். வாயைத் திறந்த நிலையிலோ, தலையைச் சற்றுச் சாய்த்தோ அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை எடுத்தால் நிழல் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். இரட்டை ஆற்றல் சிடி இருக்கும் மையத்தில் அதைக் கணிப்பிலேயே குறைக்கலாம்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஊசியைப் பற்றிய பயம் இருக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, வயதைச் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஈஜிஎஃப்ஆரைக் கணக்கிடுங்கள். அது 30க்குக் கீழே இருந்தால்தான் உண்மையான தயக்கம். அப்போது சிறுநீரக மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையையும் நிறுத்த வேண்டும். ஊசியே போடாத சிடியில் எலும்பு தெரியும், கட்டியின் எல்லை தெரியாது.

எலும்பு: தொட்டதா, அரித்ததா, உள்ளே போனதா

இந்த ஒரு கேள்விதான் நோயாளியின் முகத்தைத் தீர்மானிக்கிறது. எலும்பு தப்பியிருந்தால், அல்லது மேலோட்டில் லேசான அரிப்பு மட்டும் இருந்தால், தாடையின் மேல் விளிம்பை மட்டும் சீவி எடுத்து, கீழ் வளைவை அப்படியே காப்பாற்றலாம். மஜ்ஜைக்குள் நோய் இறங்கிவிட்டால் அந்தத் துண்டையே முழுதாக வெட்டி, காலின் சிறு எலும்பை எடுத்து வந்து தாடையைக் கட்ட வேண்டியிருக்கும். நோய் நிலையைக் குறிக்கும் ஏஜேசிசி எட்டாம் பதிப்பிலும் இந்த வேறுபாடு உண்டு: ஈறில் தொடங்கிய கட்டி எலும்பின் மேற்பரப்பையோ பல்குழியையோ மட்டும் அரித்திருந்தால் அது டி4ஏ என்னும் முற்றிய படி ஆகாது, மேலோட்டைத் துளைத்து உள்ளே போயிருக்க வேண்டும்.

சிடி 'மேலோடு அரிக்கப்பட்டிருக்கிறது' என்று சொன்னால் பெரும்பாலும் அது உண்மை. எம்ஆர்ஐ 'மஜ்ஜை நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் பெரும்பாலும் அது உண்மை. இரண்டின் பலமும் இப்படி எதிரெதிர்த் திசையில் இருப்பதால்தான், சிடி சந்தேகமாக இருக்கும்போது எம்ஆர்ஐ உதவுகிறது. கொழுப்பு நிறைந்த மஜ்ஜை எம்ஆர்ஐயின் டி1 படத்தில் (இது படம் எடுக்கும் முறையின் பெயர், நோய் நிலை அல்ல) வெண்மையாகத் தெரியும். புற்று புகுந்த இடம் கறுத்துவிடும். ஆனால் பல் வேரில் சீழ், ஈறு நோய், கதிர்வீச்சுக்குப் பிந்தைய எலும்புச் சிதைவு ஆகியவையும் அதே போலக் கறுப்பாகத்தான் தெரியும். எம்ஆர்ஐ மட்டும் பார்த்து எலும்பை வெட்டினால், தேவையில்லாமல் வெட்டும் வாய்ப்பு கூடுகிறது.

நம் ஊரில் இதைக் குழப்பும் இன்னொரு வழக்கம் உண்டு. பல் ஆடுகிறது என்று வருபவருக்கு, அடியில் புற்று இருப்பது தெரியாமலே பல் பிடுங்கப்பட்டுவிடுகிறது. பிடுங்கிய குழி சிடியில் அரிப்பு போலவே தோன்றும். புற்றும் அந்தக் குழி வழியாகவே எலும்புக்குள் இறங்கும். எந்தப் பல், எந்தத் தேதியில் பிடுங்கப்பட்டது என்று ஸ்கேன் சீட்டில் எழுதாவிட்டால் கதிரியல் மருத்துவர் ஊகிக்கத்தான் முடியும். பயாப்சி எடுத்த தேதியும் அப்படித்தான். முடிந்தால் பயாப்சிக்கு முன்பே ஸ்கேன். இல்லாவிட்டால் வீக்கம் அடங்க ஒன்றிரண்டு வாரம் விட்டு எடுக்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

ஓபிஜி என்னும் தாடைப் படத்தை வைத்து 'எலும்பில் ஒன்றும் இல்லை' என்று முடிவு செய்யவே கூடாது. எலும்பின் கனிமம் 30 முதல் 50 சதவீதம்வரை கரைந்த பிறகுதான் அதில் மாற்றம் தெரியும். பற்களின் நிலை, வெட்டும் கோடு ஆகியவற்றைத் திட்டமிட அது போதும்.

தாடைக்குப் பின்னால், மேலே

கன்னத்துப் புற்று பின்னால் போகும்போது மெல்லும் தசைகள் இருக்கும் அறைக்குள் நுழைகிறது. அங்கே நுழைந்தாலே ஏஜேசிசி கணக்கில் டி4பி, டி4ஏவைவிட முற்றிய படி. பழைய வழக்கப்படி 'அறுவை முடியாது' என்ற முத்திரை. தைவானிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வுகள் அந்த முத்திரையை இரண்டாகப் பிரித்துவிட்டன. தாடை எலும்பின் மேல் நுனியில் இரண்டு முனைகள் உண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு வளைவு, நாட்ச் என்பார்கள். நோய் அந்த வளைவுக்குக் கீழேயே நின்றிருந்தால், அந்தத் தசை அறையை முழுதாக அகற்றும் அறுவையால் நல்ல பலன் கிடைக்கிறது. வளைவுக்கு மேலே, மண்டையோட்டு அடித்தளத்தை நோக்கி ஏறிவிட்டால் நிலைமை வேறு.

ஆக, கன்னத்துப் புற்றின் ஸ்கேன் அறிக்கையில் எங்களைக் கேட்டால் மிக விலையுள்ள வரி இதுதான்: 'நாட்சுக்குக் கீழே' அல்லது 'நாட்சுக்கு மேலே'. வெறுமனே 'தசை அறைக்குள் பரவல், டி4பி' என்று எழுதிய அறிக்கை ஒருவருக்கு அறுவை வாய்ப்பையே மறுத்துவிடக்கூடும். நல்ல சிடியிலேயே பெரும்பாலும் இதைச் சொல்லிவிடலாம். வாய் திறக்காத நோயாளியிடம், அது பாக்கால் வந்த இறுக்கமா, தசைக்குள் புற்று ஏறியதால் வந்ததா என்ற சந்தேகம் எழுந்தால் எம்ஆர்ஐ சேர்த்து எடுக்க வேண்டும். தசைக்கும் கட்டிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சிடியைவிட அது தெளிவாகக் காட்டும்.

கீழுதடோ மோவாயோ மரத்துப்போயிருந்தால் எம்ஆர்ஐ கட்டாயம். தாடைக்குள் ஓடும் நரம்பைப் பற்றிக்கொண்டு புற்று மேலேறி, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் துளை வழியாக மூளையின் ஓரம்வரை போக முடியும். கட்டி சிறியதாக இருக்கும்போதே இது நடக்கலாம். அந்த நரம்பின் பாதை முழுவதும் படத்தில் வர வேண்டும் என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.

நாக்கும் வாயின் அடித்தளமும்: எம்ஆர்ஐ

நாக்கு முழுக்கத் தசை. சிடியில் தசையும் கட்டியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம், போதாததற்குப் பல்லின் உலோக நிழல் நேராக நாக்கின் மேல் விழும். இங்கே கேட்க வேண்டியது ஆழம். ஏஜேசிசி எட்டாம் பதிப்பில் 5 மி.மீ., 10 மி.மீ. என்ற இரண்டு எல்லைகள் நோய் நிலையை மாற்றுகின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2015ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகு ஆழத்தின் முக்கியத்துவம் இன்னும் கூடியது. கழுத்தில் நெறி தெரியாத, ஆரம்பநிலை வாய்ப் புற்று நோயாளிகளுக்குக் கழுத்து அறுவையையும் முதலிலேயே செய்தபோது மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம். நெறி வந்த பிறகு செய்வோம் என்று காத்திருந்தவர்களிடம் 67.5 சதவீதம். 3 மி.மீ.க்கும் குறைந்த ஆழமுள்ள கட்டிகளில் மட்டுமே அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

ஆழம் வேறு, தடிமன் வேறு. இருபுறமும் உள்ள நல்ல தோலை ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே கட்டியின் அடிவரை அளப்பதே ஆழம். வெளியே பூப்போல வளர்ந்திருக்கும் பகுதி கணக்கில் வராது. குழிந்த புண்ணானால் குழியின் வெற்றிடமும் சேர்ந்து வரும். எம்ஆர்ஐயில் அளந்த ஆழம், வெட்டியெடுத்த சதையில் அளப்பதைவிட 2 முதல் 3 மி.மீ. கூடுதலாக இருப்பது வழக்கம். சுற்றியுள்ள வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. வெட்டிய சதை ஃபார்மலினில் சுருங்கவும் செய்கிறது. எம்ஆர்ஐ 6 மி.மீ. என்றால் நோயியல் அறிக்கை 4 மி.மீ. என்று வரலாம். இதை மனதில் வைக்காமல் எல்லைக்கோட்டு எண்களை அப்படியே நம்பக் கூடாது. மிக மெல்லிய புண்கள் எம்ஆர்ஐயில் தெரியாமலே போவதும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்த புண் இல்லையென்று ஆகிவிடாது. அத்தகைய சிறு கட்டிகளுக்கு வாய்க்குள் வைக்கும் சிறு அல்ட்ராசவுண்ட் முனை நன்றாக ஆழம் அளக்கிறது, ஆனால் அதைப் பழகியவர்கள் குறைவு.

நாக்கு எம்ஆர்ஐ கெட்டுப்போகும் முதல் காரணம் விழுங்குதல். 30 முதல் 40 நிமிடம் மல்லாந்து படுத்திருக்கும்போது எச்சில் தொண்டையில் இறங்கும், நோயாளி விழுங்குவார், படம் கலங்கும். முக்கால் மணி நேரம் முன்னதாக வலி மாத்திரை கொடுப்பது, வாயை நன்கு உறிஞ்சிச் சுத்தம் செய்வது, மிகத் தேவையான டி1, டி2 படங்களை முதல் பத்து நிமிடத்திலேயே எடுத்துவிடுவது ஆகிய மூன்றும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். துண்டின் தடிமன் 3 மி.மீ.; ஓரத்து நாக்குக் கட்டியின் ஆழத்தை முன்னிருந்து பார்க்கும் குறுக்குத் தளத்தில் அளக்க வேண்டும். எம்ஆர்ஐக்கான கான்ட்ராஸ்ட் மருந்தான காடோலினியம் ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிமோல், வழக்கமான 0.5 மோலார் மருந்தானால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மி.லி. உலோகப் பல்லுக்கு அருகே கொழுப்பை மறைக்கும் சாதாரண முறை தோற்றுவிடும். அங்கே ஸ்டிர் அல்லது டிக்சன் முறை கைகொடுக்கும். ஆனால் காடோலினியம் போட்ட பிறகு ஸ்டிர் எடுக்கக் கூடாது. மருந்தை வாங்கிய கட்டியே அதில் மறைந்துவிடக்கூடும்.

கழுத்துக்கு விலை குறைந்ததே கூர்மை

நெறிகளைப் பொறுத்தவரை 10 மி.மீ. என்ற அளவு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 6 மி.மீ. கணுவில் புற்று இருக்கும், 14 மி.மீ. கணு வெறும் அழற்சியாக இருக்கும். வாயில் புண்ணும் சொத்தைப் பல்லும் உள்ளவரின் தாடைக்கு அடியில் நெறி வீங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் உருவத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் ஊசியால் செல்லை எடுத்துப் பார்ப்பது எப்போதும் ஒரு படி மேலே. அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ மூன்றையும் ஒப்பிட்டு 2007இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி குத்தும் எஃப்என்ஏசி மற்ற எல்லாவற்றையும் முந்தியது. நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு: காசநோய் நெறி. எடுத்த செல்லில் கொஞ்சம் காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்.

அல்ட்ராசவுண்டுக்கு எட்டாதவையும் உண்டு. தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நெறிகள், நோய் கணுவின் உறையைக் கிழித்துக் கழுத்துத் தமனியைச் சூழ்ந்திருப்பது ஆகியவற்றைச் சிடியோ எம்ஆர்ஐயோதான் சொல்லும். தமனியின் சுற்றளவில் 270 பாகைக்கு மேல் கட்டி சூழ்ந்திருந்தால், குழாய்ச் சுவரிலேயே நோய் ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

'பெட் எடுத்து, கழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் கழுத்து அறுவையைத் தவிர்க்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஆசைதான். அமெரிக்காவில் நடந்த ஏக்ரின் 6685 ஆய்வு இதையே சோதித்தது: நெறி தெரியாத 287 தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்குப் பெட்-சிடி எடுத்து, பின்னர் அறுவையில் கிடைத்ததோடு ஒப்பிட்டார்கள். பெட் 'இல்லை' என்று சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் அறுவைத் திட்டமும் மாறியது. ஆனால் அது மேல்நாட்டு நோயாளிகளின் கழுத்து. மாதம் தவறாமல் வந்து கழுத்தைக் காட்டும் நோயாளிகள் அங்கே உண்டு. நெடுந்தூரம் பஸ் ஏறி வர வேண்டியவரிடம் 'காத்திருந்து பார்ப்போம்' என்பது ஆபத்தான பந்தயம். டாடா ஆய்வில் காத்திருந்தவர்கள் பலர் நெறி பெரிதான பிறகே திரும்பி வந்தார்கள். வாய்ப் புற்றில், 3 மி.மீ.க்கு மேல் ஆழம் இருந்தால் கழுத்து அறுவை எப்படியும் நடக்க வேண்டும் என்பதே எங்கள் நிலை. ஸ்கேன் அதன் பரப்பைத் தீர்மானிக்கலாம், அவ்வளவே.

பெட்-சிடி எங்கே தேவை

கழுத்தில் புற்று நெறி இருக்கிறது, தொடங்கிய இடம் எங்கே என்று தெரியவில்லை: அப்போது பெட் முதலில், மயக்கம் கொடுத்து உள்நோக்கி வழியே சதை எடுப்பது பிறகு. வரிசை மாறினால் குத்திய இடமெல்லாம் ஒளிர்ந்து குழப்பும். நாட்சை நெருங்கிய டி4, பெரிய நெறிகள் பல உள்ள கழுத்து என்று பத்து மணி நேர அறுவை காத்திருக்கும்போது, நுரையீரலுக்கோ எலும்புக்கோ ஏற்கெனவே பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் பெட் பொருந்தும். கிடைக்காவிட்டால் மார்பு சிடியாவது வேண்டும். கதிர்வீச்சு முடிந்த இடத்தில் மறுபடி சந்தேகம் வந்தாலும் அதுவே நல்ல வழி.

சிகிச்சைக்குப் பிறகான பெட்டுக்கு வலுவான சான்று பிரிட்டனின் பெட்-நெக் சோதனை, 2016. 564 பேரில் பாதிப் பேருக்குக் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து 12 வாரம் கழித்துப் பெட்-சிடி எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கழுத்து அறுவை செய்தார்கள். மற்றவர்களுக்குத் திட்டமிட்ட அறுவை. உயிர்வாழ்வு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் அறுவைகள் 221இலிருந்து 54ஆகக் குறைந்தன. அருமையான முடிவு. அதில் மிகப் பெரும்பாலோர் தொண்டைப் புற்று நோயாளிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 12 வாரம் என்பதை 6 வாரமாகச் சுருக்கினால், கதிர்வீச்சின் அழற்சியே ஒளிர்ந்து புற்று போலத் தோன்றும்.

தயாரிப்பில் தவறினால் பெட் பொய் சொல்லும். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழே. ஊசி போட்டபின் 60 நிமிடம் பேசக் கூடாது, மெல்லக் கூடாது. பேசினால் குரல்வளைத் தசையும், மென்றால் தாடைத் தசையும் ஒளிரும். அறை குளிராக இருந்தால் கழுத்தின் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து நெறி போலத் தெரியும், போர்வை கொடுங்கள். மருந்தில் இருக்கும் ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். நோயாளி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் மூன்றில் ஒரு பங்கு மருந்து தானாகவே செத்துப்போயிருக்கும்.

முக்கியமான குறை ஒன்று. பல மையங்களில் பெட்டோடு சேர்ந்த சிடி ஊசியில்லாத, குறைந்த கதிர்வீச்சுப் படம். தாடை அரிப்பையோ நாட்சையோ அதில் தேட முடியாது. 'கழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் சிடியும் அதே அமர்வில் வேண்டும், கன்னத்தை ஊதி' என்று முன்பதிவின்போதே சொன்னால் இரண்டாவது பயணம் மிச்சம். 5 மி.மீ.க்குக் கீழான நெறியும், நடுவில் அழுகி நீரான நெறியும் பெட்டில் தப்பிவிடலாம். மூளை எப்போதுமே பிரகாசமாக ஒளிர்வதால், மண்டையோட்டு அடித்தளத்தில் ஏறிய நோயை அந்த வெளிச்சமே மறைத்துவிடும், அங்கே எம்ஆர்ஐதான்.

கணினிக் கற்றல் பற்றியும் கேட்கிறார்கள். நெறியின் உறையைப் புற்று கிழித்துவிட்டதா என்பதைச் சிடி படத்திலிருந்தே கணிக்கும் நிரல்கள் நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. 2023இல் வெளியான ஒரு சோதனையில் அத்தகைய நிரல் கதிரியல் மருத்துவர்களை முந்தியது. அந்தப் படங்கள் எச்பிவி சார்ந்த தொண்டைப் புற்று நோயாளிகளுடையவை. கன்னத்துப் புற்றின் நெறியில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று நம் படங்களில் சோதித்துக் காட்டும்வரை, அதன் விடையை வைத்து அறுவைத் திட்டத்தை மாற்றக் கூடாது.

சீட்டில் எழுத வேண்டியவை

கட்டி எந்தப் பக்கம், எந்த இடம். கண்ணால் பார்த்த அளவு. வாய் எத்தனை மி.மீ. திறக்கிறது, உதடு மரத்திருக்கிறதா, பல் பிடுங்கிய தேதி, பயாப்சி தேதி, முன்பு கதிர்வீச்சு உண்டா, ஈஜிஎஃப்ஆர், பேஸ்மேக்கர், பழைய கிளிப், உலோகத் தகடு. இதோடு கேள்வியையும் எழுதுங்கள்: 'கீழ்த்தாடை விளிம்பைச் சீவினால் போதுமா, நாட்சுக்கு மேலே நோய் உண்டா?' என்று ஒரே வரி. இந்த ஒரு வரிக்காகக் கதிரியல் மருத்துவர் படத்தை இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகப் பார்ப்பார்.

வாங்கி வரும்போது ஃபிலிம் போதாது. ஃபிலிமில் சில டஜன் படங்களே அச்சாகும்; குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ முழுத் தொகுப்பையும், மெல்லிய துண்டுகளோடு, கேட்டு வாங்குங்கள். அறுவைத் தேதி தள்ளிப்போய் நான்கு வாரத்துக்கு மேலானால் அந்த ஸ்கேன் பழையது. வேகமாக வளரும் கன்னத்துப் புற்றில் அதை நம்பி எலும்பின் மேல் கோடு போடக் கூடாது. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து 8 முதல் 12 வாரத்தில் ஒரு அடிப்படை ஸ்கேன் எடுத்து வையுங்கள், முதலில் எடுத்த அதே வகையில். தொடைச் சதையையோ மார்புச் சதையையோ வைத்துக் கட்டிய கன்னத்தில் எது தழும்பு, எது புதியது என்று ஒரு வருடம் கழித்துக் கேள்வி எழும்போது, பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தப் படம் இருக்க வேண்டும்.